சாஃப்ட்னருக்கு உப்பு போட்டு மாளவில்லையா? முதலில் டிடிஎஸ் மீட்டரை ஓரமாக வையுங்கள்

கேள்வி: வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், டிடிஎஸ் மீட்டரில் 1100 காட்டுகிறது. கடின நீரை மென்மையாக்க 25 லிட்டர் ரெசின் போட்ட ஆட்டோமேட்டிக் சாஃப்ட்னர் வைத்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரீஜெனரேஷன் (ரெசினை உப்புநீரால் கழுவுவது) ஓடுகிறது, 25 கிலோ உப்பு மூட்டை எட்டு நாளில் காலி. இவ்வளவுக்குப் பிறகும் மெஷினுக்கு முன்னால் அளந்தாலும் பின்னால் அளந்தாலும் டிடிஎஸ் கிட்டத்தட்ட ஒன்றுதான், குளியலறைக் கண்ணாடியில் வெள்ளைத் திட்டும் போகவில்லை. மெஷின் சிறியதாகப் போய்விட்டதா, 40 லிட்டருக்கு மாறவேண்டுமா? மெஷினின் கண்ட்ரோல் வால்வில் இப்போதுள்ள செட்டிங்: கடினத்தன்மை 1100, கொள்ளளவு 1700 கிராம், உப்பு 6 கிலோ.

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குக் கொடுத்த எண்தான் தப்பு. மாட்டிக்கொடுத்தவர் டிடிஎஸ் மீட்டரில் வந்த 1100-ஐ அப்படியே எடுத்து கடினத்தன்மை என்ற இடத்தில் போட்டுவிட்டார். இதை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன், ஏனென்றால் டிடிஎஸ் மீட்டர் எல்லாரிடமும் இருக்கிறது, கடினத்தன்மை பார்க்கிற கிட் யாரிடமும் இருப்பதில்லை.

இரண்டும் வேறு வேறு. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மொத்தக் கணக்கு. அதில் சோடியமும் உண்டு, குளோரைடும் உண்டு, கால்சியமும் மக்னீசியமும் உண்டு. கடினத்தன்மை கடைசி இரண்டை மட்டும் சொல்கிறது. டிடிஎஸ் 1100 உள்ள தண்ணீரில் கடினத்தன்மை 200-ஆகவும் இருக்கலாம், 700-ஆகவும் இருக்கலாம், மீட்டரை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் அது தெரியாது. சாஃப்ட்னரோ தண்ணீரில் இருந்து எதையும் வெறுமனே எடுத்துப் போடுவதில்லை. ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, தங்களிடம் இருந்த சோடியத்தைத் தண்ணீருக்குள் விடுகின்றன. அந்தச் சோடியத்தைத் திரும்ப ஏற்றத்தான் ரீஜெனரேஷனில் உப்புநீர் விடுகிறோம். ஒரு லிட்டரில் 40 மில்லிகிராம் கால்சியம் போனால் 46 மில்லிகிராம் சோடியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் டிடிஎஸ் எப்படிக் குறையும்? குறையவே குறையாது. அது குறையவில்லை என்பதை வைத்து சாஃப்ட்னர் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

நான் கேட்டபிறகு நீங்கள் சொட்டு டெஸ்ட் செய்து அனுப்பிய எண்கள்தான் இனி நமக்கு வேதம்: மெஷினுக்கு முன்னால் கடினத்தன்மை 430 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அர்த்தம்), இரும்பு 0.3 பிபிஎம். மெஷினுக்குப் பின்னால் முதல் சொட்டிலேயே நீலம். (செய்து பார்க்காதவர்களுக்கு: குழாயில் தண்ணீர் பிடித்து இண்டிகேட்டர் போட்டால், கடினத்தன்மை இருக்கிற வரைக்கும் ஒயின் சிவப்பாக நிற்கும். சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு ஆட்டிக்கொண்டே வந்தால் ஊதாவாகி, சட்டென்று ஒரு சொட்டில் தெளிந்த நீலமாக மாறும். அதுவரை விட்ட சொட்டுகளை எண்ணி, ஒரு சொட்டுக்கு எத்தனை பிபிஎம் என்று கிட்டில் போட்டிருப்பதால் பெருக்க வேண்டியதுதான்.) அதாவது உங்கள் தண்ணீர் இப்போதே மென்மையாகத்தான் வந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் கண்ணாடியில் திட்டு? ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். துடைத்ததும் போய்விட்டால் அது சோடியம் உப்பு, தண்ணீர் காய்ந்தபிறகு நிற்கிற மிச்சம். டிடிஎஸ் 1100 உள்ள தண்ணீர் எதுவாக இருந்தாலும் காய்ந்தால் அது தங்கும், எத்தனை பெரிய சாஃப்ட்னர் வைத்தாலும் போகாது, குளித்தபின் வைப்பர் போட்டு இழுத்துவிடுவதுதான் வழி. ஈரத்துணிக்கு அசையாமல் வினிகர் ஊற்றினால் நுரைத்துக் கரைகிறது என்றால் அது சுண்ணாம்புப் படிவு, அது சாஃப்ட்னர் வைப்பதற்கு முன் சேர்ந்த பழைய பாக்கியாக இருக்கலாம். ஒரு தடவை நன்றாக எடுத்துவிட்டு, திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம்.

முதலில் தினமும் எவ்வளவு கடினத்தன்மையை ரெசின் பிடிக்கவேண்டும் என்று தெரியவேண்டும். கரைந்த நிலையில் உள்ள இரும்பையும் ரெசின் பிடிக்கும் என்பதால், ஒரு பிபிஎம் இரும்புக்கு சுமார் 70 பிபிஎம் கடினத்தன்மையைக் கூட்டிக்கொள்வது தொழிலில் உள்ள வழக்கம். உங்கள் 0.3-க்கு 20 வரும். ஆக 450. ஆளுக்கு 150 லிட்டர் வீதம் ஐந்து பேருக்கு 750 லிட்டர். வால்வின் திரையிலேயே தினசரி எத்தனை லிட்டர் ஓடியது என்று காட்டும், ஒரு வாரம் குறித்து வைத்து அந்தச் சராசரியைப் போடுவது இதைவிட மேல். செடிக்கு ஊற்றுகிற தண்ணீரும் சாஃப்ட்னர் வழியாகப் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், போனால் அந்த லைனை வெளியே எடுங்கள், செடிக்கு சோடியம் ஆகாது, உங்கள் உப்பும் வீண். 750 லிட்டரை 450 மில்லிகிராமால் பெருக்கினால் 337 கிராம், 340 என்று வைத்துக்கொள்வோம். இதுதான் உங்கள் வீட்டின் ஒரு நாள் சுமை.

அடுத்தது ரெசினின் கொள்ளளவு. இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்கி விழுகிறார்கள். பெட்டியின் மேல் ஒரு எண் அச்சடித்திருப்பதால் அது வாளியின் லிட்டர் மாதிரி மாறாத அளவு என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. ரெசினுக்கு எவ்வளவு உப்பு போடுகிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் அதன் கொள்ளளவு. ஒரு லிட்டர் ரெசினுக்கு 240 கிராம் உப்பு போட்டால் சுமார் 68 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 160 கிராம் போட்டால் 55 கிராம் பிடிக்கும். 100 கிராம்தான் போடுகிறீர்கள் என்றால் 45 கிராம். உப்பை இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்றியும் கொள்ளளவு ஒன்றரை மடங்குதான் ஏறுகிறது, கவனித்தீர்களா? முதலில் போடுகிற உப்பு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது, கடைசியில் போடுகிற உப்பில் பாதிக்கு மேல் சும்மா சாக்கடைக்குப் போகிறது. பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் அந்த அதிகபட்ச உப்புக்கான எண், பார்க்கப் பெரிதாக இருக்குமல்லவா.

உங்கள் 25 லிட்டருக்கு இதை வைத்துப் பார்த்தால், 6 கிலோ உப்புக்கு 1700 கிராம், 4 கிலோவுக்கு 1375, இரண்டரை கிலோவுக்கு 1125. ஒரு கிலோ உப்பு எத்தனை கிராம் கடினத்தன்மையை எடுக்கிறது என்று வகுத்துப் பாருங்கள்: முதலாவதில் 283, கடைசியில் 450. நான் வீட்டுக்கு வைக்கச் சொல்வது எப்போதும் கீழ்ப்பக்கத்து எண்தான்.

இப்போது உங்கள் வால்வு என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று புரியும். 1700 கிராமை 1.1 கிராமால் வகுத்து, தன்னால் 1545 லிட்டர்தான் முடியும் என்று நம்புகிறது. அதில் ஒரு நாள் தேவையான 750 லிட்டரைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டு, இரண்டாம் நாள் இரவே கழுவ ஆரம்பித்துவிடுகிறது. உண்மையில் அந்த இரண்டு நாளில் ரெசின் பிடித்தது 675 கிராம், மொத்தத்தில் 40 சதவீதம். பாதிக்கூட அழுக்காகாத துணியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறு கிலோ சோப்பு போட்டுத் துவைக்கிற மாதிரி. உப்பு மட்டுமா? ஒவ்வொரு கழுவலிலும் 150 முதல் 200 லிட்டர் தண்ணீரும் போகிறது.

ஆகவே கடினத்தன்மை 450, கொள்ளளவு 1125 கிராம், உப்பு 2.5 கிலோ என்று மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும், இதை அழுத்திச் சொல்கிறேன். உப்பை மட்டும் குறைத்துவிட்டு கொள்ளளவில் 1700-ஐ அப்படியே விட்டால், இல்லாத காசுக்குச் செக் எழுதுகிற கதைதான், நான்காவது நாள் காலையில் குழாயில் கடின நீர் வந்து நிற்கும். சரியாக மாற்றினால், முதல் நாள் முடிவில் 785 மிச்சம், இரண்டாம் நாள் 445, மூன்றாம் நாள் பகலில் அது கையிருப்பான 340-க்குக் கீழே இறங்கும், அன்று இரவு ரீஜெனரேஷன். மூன்று நாளுக்கு இரண்டரை கிலோ என்றால் 25 கிலோ மூட்டை ஒரு மாதம் வரும். இப்போது எட்டு நாள்.

வால்வு கிரெய்ன் கணக்கில் கேட்டால் பிபிஎம்மை 17.1-ஆல் வகுங்கள், 450-க்கு 26 கிரெய்ன். கொள்ளளவுக்கு ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம், 1125 கிராமுக்கு ஏறக்குறைய 17,400 வரும், 17,000 என்று போடுங்கள். ஜெர்மன் டிகிரி என்று கேட்டால் 17.8-ஆல் வகுக்கவேண்டும். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மாற்றிப் போட்டாலும் பெரிய மோசமில்லை, ஆனால் பிபிஎம்மையே கிரெய்ன் இடத்தில் போட்டுவிட்டால் மெஷின் ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கும்.

சில வால்வுகள் உப்பைக் கிலோவில் கேட்காது, உப்புத் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பும் நேரத்தை நிமிடத்தில் கேட்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 360 கிராம் அளவுக்கு உப்பு கரையும், அதற்கு மேல் கரையாது. 2.5 கிலோ கரைய 7 லிட்டர் தண்ணீர் போதும். நிமிடத்துக்கு எவ்வளவு நிரப்புகிறது என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். உப்புத் தொட்டிக்குப் போகிற சின்னக் குழாயைக் கழற்றி அளவு போட்ட ஒரு ஜாடிக்குள் விட்டு, வால்வைக் கையால் ஃபில் நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். இரண்டு லிட்டர் வந்தால் மூன்றரை நிமிடம் வைக்கவேண்டும். தொட்டியில் மூட்டை மூட்டையாக உப்பு கிடந்தாலும் ரெசினுக்குப் போவது இந்த 7 லிட்டரில் கரைந்த உப்பு மட்டுமே. மேலே உப்பு கட்டிதட்டி பாலம் போல நின்று, அடியில் வெறும் தண்ணீராக இருந்தால் அதுவும் போகாது, மாதம் ஒரு தடவை ஒரு கட்டையால் குத்திப் பார்த்துவிடுங்கள்.

மற்ற நேரங்களில் அதிகம் கைவைக்க வேண்டாம். பேக்வாஷ் (தண்ணீரைக் கீழிருந்து மேலாக ஓட்டி ரெசினை அலசுவது) 10 நிமிடம், உப்பு இழுத்து மெதுவாக அலசுவது 60 நிமிடம், வேக அலசல் 10 நிமிடம் என்று இருந்தால் அப்படியே விடுங்கள். நாள் வரம்பு என்று ஒன்று இருக்கும், இரும்பு இருப்பதால் அதை 7 என்று வையுங்கள், ஊருக்குப் போய்விட்டாலும் ரெசின் கழுவாமல் கிடக்காது. கடிகாரம் மட்டும் சரியாக இருக்கவேண்டும். கரண்ட் போய் வந்ததில் நேரம் பின்னுக்குப் போய்விட்டால் இரவு 2 மணி ரீஜெனரேஷன் காலையில் எல்லாரும் குளிக்கிற நேரத்தில் ஓடும், அந்த ஒன்றரை மணி நேரமும் வீட்டுக்குள் வருவது ரெசினைத் தொடாமல் பைபாஸ் ஆன கடின நீர்தான்.

40 லிட்டர் வேண்டுமா என்று கேட்டீர்கள். உங்கள் சுமைக்கு வேண்டாம், ஆனால் ஒரு விஷயம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். 25 லிட்டர் ரெசின் வழியாக மணிக்கு 1000 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 16 லிட்டர் வரை சிரமமில்லாமல் போகலாம். ஒரே நேரத்தில் ஒரு ஷவரும் ஒரு குழாயும் திறந்தால் தாங்கும். சாஃப்ட்னர் மேல்தொட்டிக்கு முன்னால் இருந்து, மோட்டார் நேராக அதன் வழியாகத் தள்ளுகிறது என்றால் நிலைமை வேறு. மணிக்கு 3000 லிட்டர் தள்ளுகிற மோட்டாருக்கு முன்னால் ரெசினுக்குக் கால்சியத்தைப் பிடிக்க நேரம் கிடைக்காது, கடினம் கசியும். அப்படி இருந்தால் ஒன்று மோட்டார் லைனில் உள்ள வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைக்கவேண்டும், இல்லை நிஜமாகவே பெரிய மெஷின் வேண்டும். ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும், நீங்களே பார்த்துவிடலாம்.

குடிக்கவும் சமைக்கவும் இந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். 430 கடினத்தன்மையை மாற்றும்போது லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் கூடுதலாக ஏறுகிறது. வீட்டில் யாருக்காவது உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இது சின்ன விஷயமில்லை. சமையலறைக் குழாய்க்கு மெஷினுக்கு முன்னாலிருந்தே தனி லைன் எடுத்துவிடுங்கள்.

செட்டிங்கை மாற்றியதும், அதே ராத்திரி கையால் ஒரு ரீஜெனரேஷன் ஓட்டிவிட்டு நாளை எண்ண ஆரம்பியுங்கள். மூன்றாவது நாள் சாயங்காலம், கழுவுவதற்கு முன்னால், மெஷினுக்குப் பின்னாலுள்ள குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஒரு சாம்பிள் பிடித்து சொட்டு டெஸ்ட் பாருங்கள். முதல் சொட்டிலேயே நீலமானால் தொட வேண்டாம். மூன்று நான்கு சொட்டு கேட்டால் கொள்ளளவை 1125-லிருந்து 1000-க்கு இறக்குங்கள், உப்பை ஏற்றாதீர்கள். தினசரி லிட்டர் கணக்கு 750-ஐத் தாண்டுகிறது என்றால் மட்டும் உப்பை 4 கிலோ, கொள்ளளவை 1375 என்று சேர்த்தே ஏற்றிக்கொள்ளலாம்.