தாத்தாவின் மைக்ரோமீட்டரைத் தேய்க்காதீர்கள்

தாத்தா பெட்டியில் கிடைத்த மூர் அண்ட் ரைட் மைக்ரோமீட்டர் (திருகைச் சுழற்றி நுண்ணிய தடிமனை அளக்கும் கருவி) துருவேறி இறுகிவிட்டது, எமரி பேப்பரால் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்! ஷெஃபீல்டு நிறுவனத்தின் கருவி அது, தேய்த்தால் துருவோடு அளவுக் கோடுகளும் போய்விடும், பொருளை நடுவே பிடித்து அளக்கும் இரண்டு முகங்களும் கெட்டுவிடும். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறட்டும், அப்புறம் கையாலேயே மெதுவாகத் திருப்புங்கள், பிளையர் கூடவே கூடாது. சுழல ஆரம்பித்ததும் முகங்களுக்கு நடுவே வெள்ளைத்தாளை லேசாகப் பிடிக்கவைத்து உருவினால் அழுக்கு வந்துவிடும். முகங்களை மூடியும் பூஜ்யக் கோடு சேரவில்லை என்றால் பயப்படாதீர்கள், ஸ்லீவை (கோடு போட்ட, சுழலாத உள்குழாயை) சின்ன ஸ்பேனரால் திருப்பிச் சரிசெய்யலாம். அங்குலக் கருவி என்றால் திருகு ஒரு சுற்றுக்கு 0.025 அங்குலம் நகரும், திம்பிளில் (கையால் திருப்பும் வெளி உருளையில்) 25 கோடு, கோட்டுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. அந்தத் திருகை அவ்வளவு சீராக வெட்டியிருப்பது எனக்கு இன்றும் வியப்புதான். எடுத்து வைக்கும்போது முகங்கள் ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.