யாருடைய உதவியும் இல்லாமல் வீட்டிலேயே பிள்ளை பெற நினைக்கும் பெண்களைப் பற்றி மிட்வைஃப்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்?

சிங்கப்பூரில் பிரசவ வார்டில் மிட்வைஃபாக வேலை பார்க்கிறேன். அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் வராது. பயம் வரும், வருத்தமும் வரும். "குழந்தைக்காக யார் பேசுவது?" என்று கொதிக்கும் சக தாதிகளும் இருக்கிறார்கள், அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு.

முதலில் பயம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பை இறுகினால்தான் அந்த இடத்தில் ரத்தம் நிற்கும். அது இறுகாவிட்டால், வயிற்றில் கை வைத்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். தொப்புள் பக்கம் கெட்டியாக உருண்டு நிற்க வேண்டியது, பிசைந்த மாவு போல நெகிழ்ந்து கிடக்கும். உடனே அழுத்தித் தேய்க்க ஒருவர் வேண்டும், கருப்பையை இறுக வைக்கும் ஆக்சிடோசின் ஊசி போட இன்னொருவர் வேண்டும். கண் இருட்டிக்கொண்டு வரும் தாய் தனக்குத் தானே இதையெல்லாம் எப்படிச் செய்துகொள்வாள்? கர்ப்பம் முழுக்க ஒரு குறையும் இல்லாதவர்களுக்கும் இப்படி நடக்கிறது.

"பாட்டி காலத்தில் எல்லாரும் வீட்டில்தானே பெற்றார்கள்" என்பார்கள். கம்பத்தில், அதாவது அந்தக் காலக் கிராமத்தில், பெற்றார்கள்தான், ஆனால் தனியாக இல்லை. நம் மருத்துவச்சியோ, பிடான் எனப்படும் மலாய் மருத்துவச்சியோ கூடவே இருந்தார். அப்புறம், வீட்டுப் பிரசவம் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த அந்தத் தலைமுறைப் பெண்கள்தான் இங்குள்ள கண்டாங் கெர்பாவ் மகப்பேறு மருத்துவமனையை நிரப்பினார்கள். 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது.

வருத்தத்துக்குக் காரணம் வேறு. இரண்டாவது பிள்ளைக்காகப் பரிசோதனைக்கு வந்த ஒரு பெண், "இந்தத் தடவை யாரையும் கூப்பிடப் போறதில்லக்கா" என்றாள். ஏன்மா என்று கேட்டேன். "போன தடவை வேற ஆஸ்பத்திரில என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கீழ வெட்டினாங்க. தையல் போடும்போதுதான் எனக்கே தெரியும்." கையில் இருந்த பர்ஸின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவளிடம் ரத்தப்போக்கைப் பற்றி நான் பாடம் எடுத்திருந்தால் அடுத்த தடவை வந்திருக்கவே மாட்டாள். கேட்காமல் உள்பரிசோதனை கூடாது, வெட்டுவதென்றால் முதலில் சொல்ல வேண்டும், கணவர் கடைசிவரை கூட இருக்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, ஒன்றுவிடாமல் எழுதி அவளுடைய கோப்பில் வைத்தோம். வலி வந்ததும் மருத்துவமனைக்கே வந்தாள்.

தனியாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களில் பலர் விலகி ஓடுவது எங்கள் அறிவிடமிருந்து இல்லை, நாங்கள் நடத்திய விதத்திடமிருந்துதான் என்று உறுதியாக நம்புகிறேன். வீடுதான் வேண்டும் என்றால், திட்டமிட்டு வீட்டுக்கு வந்து பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் இங்கே ஒரு சிலர் உண்டு. பிரசவத்தின்போது கூட இருந்து தைரியம் சொல்லும் டூலாவும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் துணைக்குத்தான், மருத்துவத்துக்கு இல்லை.

எதிர்பாராமல் வீட்டிலேயே பிறந்துவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். குழந்தையைத் துணியால் நன்றாகத் தேய்த்துத் துடைத்து அம்மாவின் நெஞ்சோடு அணைத்து மூடுங்கள். தொப்புள்கொடியை இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். மற்றதை ஆம்புலன்ஸில் வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.