பெர்சுவேசிவ் சரி, கோஜென்ட் என்றால் என்ன?

கேள்வி: என் மகள் தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய ஜிபி (ஜெனரல் பேப்பர் என்ற பாடம்) கட்டுரையைத் திருத்திய ஆசிரியர், 'பெர்சுவேசிவாக இருக்கிறது, ஆனால் கோஜென்ட்டாக இல்லை' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அகராதியில் இரண்டுக்குமே 'நம்பவைக்கும்' என்றுதான் போட்டிருக்கிறது. ஆசிரியர் என்னதான் சொல்கிறார்? (ஈசூன் வாசகி)

பதில்: அகராதி பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டது. மீதி, சொற்களின் வேரில் இருக்கிறது.

பெர்சுவேட் என்பதன் லத்தீன் வேருக்கு இனிமையோடு உறவு. ஆங்கிலத்தின் ஸ்வீட்டும் அதே குடும்பம்தான். இனிக்க இனிக்கப் பேசி ஆளை நம் பக்கம் இழுப்பது. கோஜென்ட் வேறு ரகம். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல்லின் மூலம் 'கோகெரே' என்ற லத்தீன் வினை: ஒன்றாக ஓட்டிச் சேர்ப்பது. மாடுகளைப் பட்டிக்கு ஓட்டுவதற்கும் அதைத்தான் சொன்னார்கள். அப்படி, காரணங்களே நம்மை ஒரு முடிவுக்குள் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட வேண்டும்.

ஓர் உதாரணம். சிங்கப்பூரில் கார் எண்ணிக்கையைக் கூட்டலாமா என்பது தலைப்பு. 'புகையைச் சுவாசித்துக்கொண்டே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்' என்று ஒருவர் எழுதுகிறார். மனம் இளகுகிறது. இது பெர்சுவேசிவ். இன்னொருவர், 'தீவின் நிலத்தில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைச் சாலைகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. வீடுகளுக்கே 14 விழுக்காடுதான். சாலையைப் பெருக்க வேண்டுமானால் வேறெதையாவது குறைத்தாக வேண்டும். 2018 பிப்ரவரியில் கார்களின் வளர்ச்சி விகிதத்தை அரசாங்கம் 0 விழுக்காடாக்கியதற்கு இந்த இட நெருக்கடியும் ஒரு காரணம்' என்கிறார். இதை மறுக்க வருபவர் ஏதாவது ஒரு கண்ணியை உடைத்தே தீரவேண்டும். முகம் சுளித்தால் போதாது. இதுதான் கோஜென்ட்.

ஆகவே இந்தச் சொல் பெரும்பாலும் வாதம், காரணம், ஆதாரம் ஆகியவற்றோடுதான் ஒட்டும். நீதிமன்றத் தீர்ப்புகளில் 'கோஜென்ட் எவிடன்ஸ்' அடிக்கடி கண்ணில் படும். சாமான் விற்க வருகிறவரைப் பெர்சுவேசிவ் என்று சொல்லலாம், கோஜென்ட் என்றால் இடிக்கும். கோஹெரென்ட்டோடும் குழப்ப வேண்டாம். அது கோர்வையாக, புரியும்படி இருப்பதை மட்டுமே குறிக்கும். தவறான வாதமும் கோர்வையாக இருக்கலாமே! பெயர்ச்சொல் கோஜென்சி. உச்சரிக்கும்போது 'கோ'வை நீட்டி, அழுத்தத்தையும் அங்கேயே கொடுங்கள். வாட்ஸ்அப்பில் இதைப் போட்டால், கோட்டு மாட்டிக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போனதுபோல் இருக்கும். கட்டுரை, மேல்முறையீட்டுக் கடிதம் என்றால் சரி.

தமிழில் எப்படிச் சொல்வது? பலரும் 'ஆணித்தரமான' என்று போடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. மேசையைத் தட்டிப் பேசினாலே 'ஆணித்தரமாகப் பேசினார்' என்று எழுதிவிடுகிறோம். அதில் குரலும் சேர்ந்துவிடுகிறது. கோஜென்ட்டுக்குக் குரல் தேவையில்லை, முணுமுணுத்தாலும் அது கோஜென்ட்தான். 'தக்க காரணம்', 'வலுவான ஆதாரம்' என்று இடத்துக்கு ஏற்பச் சொல்வதே எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், மகளின் கட்டுரை. 'நினைத்துப் பாருங்கள்', 'யாராலும் மறுக்க முடியாது' போன்ற வரிகளைப் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொல்லுங்கள். எந்தப் பத்தியில் காரணம் ஒன்றும் மிஞ்சவில்லையோ, அநேகமாக அதன் ஓரத்தில்தான் ஆசிரியரின் குறிப்பு இருக்கும்.