நுரையீரலில் பூஞ்சைத் தொற்று: ஏன் இத்தனை பரிசோதனை?

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துவரும் என் அக்காவுக்கு நுரையீரலில் பூஞ்சைத் தொற்று இருக்கலாம் என்கிறார்கள். பூசணம் எங்கும் இருப்பதுதானே? இதற்கு ஏன் இத்தனை பரிசோதனை? முன்பெல்லாம் இப்படிக் கேள்விப்பட்டதே இல்லையே? கூட இருக்கும் எங்களுக்கும் ஒட்டுமா?

பதில்:

நான் மருத்துவர் இல்லை. ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பதினான்கு வருடமாகப் பூஞ்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். சாம்பிள் எங்கள் மேசைக்கு வந்த பிறகு நடப்பது எனக்குத் தெரியும். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

பூசணம் எங்கும் இருப்பது உண்மைதான். அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து 2, 3 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். அதை எல்லோரும் தினமும் நூற்றுக்கணக்கில் மூச்சோடு இழுக்கிறோம். நுரையீரலில் காவலிருக்கும் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். தப்பித்து முளைவிட்டதை நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொள்ளும். கீமோவில் நன்றாக அடிவாங்குவது இந்த நியூட்ரோபில்தான். ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே இறங்கி, பத்து நாளுக்கு மேலும் ஏறாமல் கிடந்தால் வித்து முளைத்து, இழையாக நீண்டு, ரத்தக் குழாயைத் துளைத்து உள்ளே போய்விடலாம். குழாய் அடைபட்டதும் அந்த இடத்துச் சதை செத்துப்போகிறது. 2021இல் இந்தியாவில் கொரோனாவோடு சேர்ந்து மியூக்கர் பூஞ்சை பெருகியபோது அதைக் ‘கருப்புப் பூஞ்சை’ என்றார்களே, அந்தக் கருப்பு பூஞ்சையின் நிறமே இல்லை. ரத்தம் கிடைக்காமல் செத்த சதையின் நிறம் அது.

சரி, ஏன் இத்தனை பரிசோதனை? பூஞ்சை என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்தப் பூஞ்சை என்று தெரிய வேண்டும். அஸ்பெர்ஜில்லஸுக்கு முதலில் கொடுக்கும் மருந்துகளில் வோரிகோனசோல் முக்கியமானது. அதே மருந்து மியூக்கரை ஒன்றும் செய்யாது. அதற்கு ஆம்ஃபோடெரிசின் வேண்டும், பெரும்பாலும் செத்த சதையை அறுவை செய்து எடுக்கவும் வேண்டும். ரத்தத்தில் பார்க்கும் கேலக்டோமேனன் பரிசோதனை அஸ்பெர்ஜில்லஸைக் காட்டிக்கொடுக்கும், மியூக்கரைக் காட்டாது. அதனால் ‘நெகட்டிவ்’ என்று வந்ததும் நிம்மதியாகிவிட முடியாது. லொமென்டோஸ்போரா என்று ஒன்று அரிதாக வரும். மருந்துகளை வரிசையாக வைத்துச் சோதித்தால் அநேகமாக எல்லாவற்றையும் தாண்டி வளர்ந்து நிற்கும். அப்படி ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போடும் நாள் எனக்கு வீட்டில் சாப்பாடு இறங்காது.

சி.டி. ஸ்கேன் சந்தேகத்தைக் கிளப்பும், ஆனால் பூஞ்சையின் பெயரைச் சொல்லாது. அதற்குத்தான் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரையோ துளி சதையையோ கேட்கிறோம். வந்ததும் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, சதை கரையும்வரை காத்திருந்து பார்ப்போம். மியூக்கர் என்றால் அகலமான ரிப்பனை முறுக்கிப் போட்டது மாதிரி இழைகள், நடுவே தடுப்பு அநேகமாக இருக்காது. அஸ்பெர்ஜில்லஸ் மெல்லிசாக, தடுப்புகளோடு, கவட்டை போலப் பிரிந்துகொண்டே போகும். ஒரு மணி நேரத்துக்குள் வார்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் ஃப்யூசேரியம் என்ற இன்னொரு பூஞ்சையும் லொமென்டோஸ்போராவும் சதைக்குள் அஸ்பெர்ஜில்லஸ் மாதிரியே தெரியும். வளர்த்துப் பார்த்தால்தான் ஆள் யார் என்று பிடிபடும்.

இங்கேதான் ஒரு பழைய வலி. ஒரு முறை ஒரு நோயாளியின் சைனஸ் சதை மொத்தத்தையும், சதை அழுகாமல் வைக்கும் பார்மலினில் போட்டு அனுப்பிவிட்டார்கள். பார்மலினில் பூஞ்சை செத்துவிடும், வளர்க்கவே முடியாது. இழை கண்ணுக்குத் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. மறுபடி சதை எடுக்க அவர் உடம்பில் தெம்பில்லை. ஒரு பாதியை உப்பு நீரில் போட்டிருந்தால் போதும். படிவத்தில் ‘பூஞ்சை சந்தேகம்’ என்று ஒரு வரி எழுதுவதும் அவ்வளவு முக்கியம். சதையை வழக்கம்போல அரைத்தால் மியூக்கர் இழை நைந்து செத்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் அரைக்காமல் பிளேடால் நறுக்கிப் போடுவோம்.

இப்போது அதிகம் கேள்விப்படுவதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது: முன்பு பிழைக்காதவர்கள் இன்று எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளோடு பல வருடம் வாழ்கிறார்கள். கடுமையான ஃப்ளூ, கொரோனாவுக்காக ஐ.சி.யூ.வில் கிடப்பவர்களையும் அஸ்பெர்ஜில்லஸ் பிடிக்கிறது. இன்னொரு பக்கம், வயலில் அடிக்கும் பூஞ்சைக்கொல்லிகளில் பலவும் நாம் கொடுக்கும் வோரிகோனசோல் போன்ற அசோல் வகை மருந்துகளும் ஒரே குடும்பம். மருந்தையே பார்க்காத நோயாளிக்கும் மருந்துக்கு அசையாத அஸ்பெர்ஜில்லஸ் வர இதுதான் காரணம். 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் மேல் வரிசையில் இருக்கிறது.

மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: சாம்பிள் எடுத்தாயிற்றா, வளர்ப்புக்கும் போயிருக்கிறதா, இப்போது கொடுக்கும் மருந்து மியூக்கருக்கும் சேருமா என்று. முடிவுக்குக் காத்திராமல் மருந்தை ஆரம்பித்தால் பயப்படாதீர்கள், அது சரியான வழிதான். ஆண்டிபயாட்டிக் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை, இருமலில் ரத்தம், முகத்தில் ஒரு பக்கம் வலி அல்லது வீக்கம், கண் மங்கல் என்று எது வந்தாலும் அடுத்த ரவுண்ட்ஸ்வரை பொறுக்காமல் உடனே சொல்லுங்கள்.

அப்புறம், உங்களுக்கு ஒட்டாது. இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். மண் உள்ள பூந்தொட்டி மட்டும் அந்த அறைக்குள் வேண்டாம். பக்கத்தில் சுவர் இடிக்கும் வேலை நடந்தால் அறையை மாற்றித் தரச் சொல்லுங்கள், அந்தத் தூசியில் வித்து ஏராளமாக இருக்கும்.