அமெரிக்காவில் ஒரு கேலன் பெட்ரோல் மூன்றரை டாலர் என்றால், நம் கணக்கில் லிட்டர் என்ன விலை?

யாரோ சொந்தக்காரர் அங்கிருந்து வந்து அளந்துவிட்டுப் போயிருப்பார், அதனால்தான் கேட்கிறீர்கள். எனக்கும் அதே கதைதான்.

டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் லிட்டர் 78 ரூபாய் 60 காசு. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். நான் கோட்டை விட்டது இங்கேதான்.

தங்கை குடும்பம் டெக்சாஸிலிருந்து வந்திருந்தபோது, ஏற்காடு போகும் வழியில் கோரிமேட்டில் பெட்ரோல் போட்டேன். மாப்பிள்ளை கேட்டார், "மச்சான், உங்க வண்டி எவ்வளவு குடுக்குது?" பதினாறு என்றேன். "என்னோடது முப்பது" என்றார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. முக்கி முக்கி ஏறிய வண்டி மேல் வேறு கோபம்.

ஏரிக்கரையில் பஜ்ஜி சாப்பிடும்போதுதான் உறைத்தது. அவர் சொன்னது கேலனுக்கு முப்பது மைல்! மைலுக்கு 1.609 கிலோமீட்டர் போட்டால் லிட்டருக்குப் பன்னிரண்டே முக்கால்தான். என் பழைய வண்டியே தேவலை.

அந்த ஜோரில் குடும்ப வாட்ஸாப் குழுவில் விலைக் கணக்கையும் போட்டேன், லிட்டர் 66 ரூபாய் என்று. அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். கேலன் என்றால் நாலரை லிட்டர் என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார். அது பிரிட்டிஷ் கேலன், 4.546 லிட்டர். அப்பா சொன்னதில் தப்பில்லை, நாடுதான் வேறு. ஒன்பதாவது படிக்கும் தங்கை மகன் எல்லார் முன்னாலும் திருத்தினான். (பிரிட்டனிலேயே இப்போது பங்கில் லிட்டர் கணக்குதான். மைலேஜ் மட்டும் இன்னும் கேலனுக்கு இத்தனை மைல் என்பார்கள். அதை அமெரிக்க மைலேஜோடு ஒப்பிட்டாலும் இதே வம்புதான்.)

78 ஆனாலும் நம்மைவிடக் குறைவுதானே என்று சண்டைக்கு வர வேண்டாம். குறைவுதான். வரிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை, என் பர்சும் அதே பங்கில்தான் காலியாகிறது. அங்கே மத்திய அரசு வரியை 1993க்குப் பிறகு ஏற்றவே இல்லை, கேலனுக்கு 18.4 சென்ட்.

சென்ட் என்றதும் வயிறு எரிகிறது. அடிவாரத்தில் ஐந்து சென்ட் இடம் வாங்கினேன். "சென்ட்னா நானூறு சதுர அடிங்க" என்றார் புரோக்கர். 435.6 என்று எனக்கு அப்போது தெரியாது. ஐந்து சென்டுக்குக் காசு கொடுத்தேன், பத்திரத்தில் 2000 சதுர அடி. 2178 இருந்திருக்க வேண்டும்.