இதழில் வந்த புகைப்படத்தைக் கப்பில் அச்சிட்டு விற்கலாமா?

இதழைக் காசு கொடுத்துத்தானே வாங்கினேன், அதில் வந்த படத்தைக் கப்பில் போட்டு விற்றால் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொடுத்த காசு தாளுக்கு மட்டும்தான். படத்தை எடுத்தவருடைய உரிமை அவரிடமே இருக்கிறது.

செங்கோட்டையில் கப் அச்சடித்து விற்கும் சின்னக் கடை எனக்கு. குற்றால சீசனும் ஐயப்ப சீசனும்தான் வியாபாரம். 2010-ல் நின்றுபோன புனலூர் மீட்டர் கேஜ் ரயில் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உயிர். கழுதுருட்டி பதிமூணு கண் பாலத்தில் அந்த ரயில் போகிற படம் ஒரு வார இதழில் வந்திருந்தது. அதை ஸ்கேன் செய்து, ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த பெயரை வெட்டிவிட்டு, ஹீட் பிரஸ்ஸில் போட்டு விற்றேன். நன்றாகப் போனது.

ஒரு நாள் வயதான ஒருவர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது பெட்டி ஜன்னலில் ஒரு சிவப்புத் துண்டு காயும். அதன்மேல் விரலை வைத்து, “மூணு நாள் மழை, நாலாவது நாள்தான் இது கிடைச்சுது. என் பேர் எங்க தம்பி?” என்றார். எனக்கு வாய் வரவில்லை. பணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்வதும் அதுதான்: உரிமையை விற்றுவிட்டாலும் “இது என் படைப்பு” என்று சொல்லும் உரிமை எடுத்தவரை விட்டுப் போகாது.

அடுத்து, யாரிடம் கேட்பது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சம்பளத்துக்கு இருக்கும் புகைப்படக்காரர் இதழுக்காக எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, இதழ்களில் வெளியிடும் உரிமை மட்டும்தான் நிறுவனத்துக்கு. கப், காலண்டர் எல்லாம் எடுத்தவர் பக்கம். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தால் பொதுவாக உரிமை, எடுக்கச் சொன்னவருக்குப் போகும். அதனால் இதழுக்கு எழுதிக் கேளுங்கள், எடுத்தவரையும் தேடிப் பிடியுங்கள். படம் எங்கும் பதிவாகவில்லையே என்பது பதில் ஆகாது. உரிமைக்குப் பதிவு தேவையே இல்லை.

வாய்ச்சொல்லோடு நிற்காதீர்கள். எந்தப் படம், எந்தப் பொருள், எத்தனை காலம், எவ்வளவு தொகை என்று எழுத்தில் வாங்குங்கள். காலம் எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு. நானும் அந்த ஐயாவும் ஒரு தாளில்தான் எழுதிக்கொண்டோம். கப்புக்கு இத்தனை என்று கணக்கு, பாலத்துக்குக் கீழே அவர் பெயர். முன்பு விற்றதற்கும் சேர்த்தே கொடுத்தேன்.

பழைய படங்களுக்கு வழி உண்டு. 1924 வெள்ளத்தில் மூணாறு ரயில் பாதை அடித்துப்போனதே, அப்போதே அச்சில் வெளியான படங்களுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று எடுக்கும் படத்துக்கோ, எடுத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும்.

படத்தில் முகம் தெரிந்தால் அது தனிக் கணக்கு. 2015-ல் ரஜினிகாந்த் தன் பெயரையும் உருவத்தையும் கேட்காமல் பயன்படுத்துவதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். பிரபலம் என்றால் அப்படி. படத்தில் இருப்பவர் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா என்றால், அவருக்கு நீதிமன்றம் போக வசதி இருக்காது. அதனாலேயே அவரிடம் நேரில் போய்க் கேட்டு, சம்மதித்தால் மட்டும் போடுங்கள்.