ரயில்வே குளம் பூங்காவானால்: சேற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது?

நீராவி எஞ்சின் காலத்தில் அமெரிக்க ரயில் கம்பெனிகள் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கப் பல ஊர்களில் குளம் வெட்டின. 1950களில் டீசல் எஞ்சின்கள் நீராவி எஞ்சின்களின் இடத்தைப் பிடித்ததும் இந்தக் குளங்களுக்கு வேலையில்லாமல் போனது. சில குளங்கள் இன்று ஊர்ப் பூங்காக்கள். இப்படிப்பட்ட இடங்களில் மாசு சோதிக்கும் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் வாசகர்கள் கேட்ட கேள்விகளும், அவர் தந்த பதில்களும்.

ஒஹாயோவிலிருந்து ஓர் அம்மா: அக்கா, எங்கள் பூங்காவில் பழைய ரயில்வே குளம் இருக்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு. பிள்ளைகள் கால் நனைக்கலாமா?

தெளிவை வைத்து முடிவெடுக்காதீர்கள். ரயில்வே விட்டுப்போன சரக்கில் பெரும்பாலானது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, சேற்றோடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடக்கும். எஞ்சின் சாம்பல், கழிவு எண்ணெய், ஸ்லீப்பர் கட்டை உளுத்துப்போகாமல் இருக்க ஏற்றிய கிரியோசோட் என்ற தார் எண்ணெய், தண்டவாள ஓரம் களைக்கு அடித்த, ஆர்செனிக் என்ற நஞ்சு கலந்த மருந்து என்று பட்டியல் நீளம்.

ஒரு குளத்தில் படகிலிருந்து குழாயை இறக்கிச் சேற்றை அப்படியே தூண் மாதிரி எடுத்தோம். மேலே ஒரு சாண் இலைமக்கு, நல்ல மண்வாசனை. அதற்குக் கீழே கன்னங்கரேலென்று ஒரு பட்டை. கத்தியால் கீறியதும் புதிதாகத் தார் போட்ட ரோட்டு வாசனை முகத்தில் அடித்தது. படகைச் சுற்றி வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன.

அந்தக் கறுப்புப் பட்டை நடுக்குளத்தில் மக்குக்கு அடியில் கிடப்பது வேறு, பிள்ளை மிதிக்கும் கரையோரத்தில் மேலேயே கிடப்பது வேறு. முழங்கால் ஆழத்துச் சேற்றைச் சோதித்தார்களா என்று நகராட்சியிடம் கேளுங்கள். பதில் வரும்வரை சின்னப் பிள்ளைகளைச் சேற்றில் விளையாட விடவேண்டாம். கரைக்குப் போய்வந்தால் கைகால் கழுவிவிடுங்கள்.

இல்லினாயிலிருந்து: இந்தச் சோதனை எங்கிருந்து தொடங்கும், மேடம்?

காகிதத்திலிருந்து. 1867 முதல் தீ இன்சூரன்ஸுக்காக வரைந்த சான்போர்ன் வரைபடங்கள் பல ஊர்களுக்கு உண்டு. எஞ்சின் ஷெட் எங்கே, எண்ணெய்த் தொட்டி எங்கே என்று கட்டடம் கட்டடமாகக் காட்டும். 1930களிலிருந்து வான்படங்களும் கிடைக்கும். ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்ற ஒரு தாத்தா கிடைத்துவிட்டால் இன்னும் நல்லது. பழைய எண்ணெயை எங்கே கொட்டினார்கள் என்று அவர் கைநீட்டிக் காட்டும் இடம் எந்த வரைபடத்திலும் இருக்காது.

இதுவரைக்கும் உள்ளதுதான் 'பேஸ் ஒன்', அதாவது முதல் கட்டம். இதில் வழக்கமாக ஒரு கைப்பிடி மண்கூட எடுப்பதில்லை. "பேஸ் ஒன் முடிந்தது, பூங்கா சுத்தம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். துளைபோட்டு மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவது 'பேஸ் டூ'வில்தான்.

மிச்சிகனிலிருந்து: ரிப்போர்ட்டில் ஆர்செனிக் 9 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு மண்ணில் 9 பங்கு) என்று இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏவின் அளவு 0.68 தானாம். 13 மடங்கு! பூங்காவை மூடச் சொல்லலாமா?

கொஞ்சம் பொறுங்கள். 0.68 என்பது அந்த மண்ணிலேயே வீடு கட்டிப் பல ஆண்டுகள் வாழ்பவருக்கு, பத்து லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்ற கணக்கு. அதைத் தாண்டினால் மேலும் ஆராய வேண்டும் என்றுதான் பொருள். அமெரிக்காவின் பல இடங்களில் மாசே படாத மண்ணில்கூட ஆர்செனிக் 5, 10 பிபிஎம் இருக்கும். அதனால் ரயில் போகாத பக்கத்து நிலத்து மண்ணையும் எடுத்து ஒப்பிட வேண்டும். பூங்கா முழுக்க 8, 9 என்று ஒரே சீராக இருந்தால் அது பெரும்பாலும் மண்ணின் இயல்பு. பழைய தண்டவாளத் தடத்தில் மட்டும் 60 என்று எகிறினால் களைமருந்தைச் சந்தேகியுங்கள்.

நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஈயம். குடியிருப்பு மண்ணில் மேலும் ஆராயத் தூண்டும் அளவாக இபிஏ நெடுங்காலம் 400 பிபிஎம் வைத்திருந்தது. 2024 ஜனவரியில் அதை 200 ஆக்கியது. பழைய ரிப்போர்ட்டில் 350 வந்து 'பரவாயில்லை' என்று தேறியிருந்தால், அந்த ஃபைலைத் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள். ஊஞ்சலுக்கு அடியில் மேல்மண்ணை எடுத்தார்களா, அல்லது நாலு மூலை மண்ணைக் கலந்து சராசரி போட்டார்களா என்பதையும் பாருங்கள். சராசரியில் ஒரு மோசமான மூலை காணாமல் போய்விடும்.

டெக்சாஸிலிருந்து: கரையில் வானவில் மாதிரி படலம் மிதக்கிறது. எண்ணெய்தானே?

குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் இரும்பு பாக்டீரியா, அதனால் கெடுதல் இல்லை. சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய். போட்டோ எடுத்து மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு அனுப்புங்கள்.

அதே வாசகர்: அங்கே பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா?

தார் வகை ரசாயனங்களை மீனின் உடம்பு பெரும்பாலும் சிதைத்துவிடும். கொழுப்பில் தங்குவது பிசிபி என்ற ரசாயனம், சதையில் தங்குவது பாதரசம். பழைய டிரான்ஸ்பார்மர்களில் பிசிபி இருந்தது. 1979ல் அமெரிக்கா அதன் உற்பத்தியைத் தடைசெய்தது. இந்த இரண்டுக்கும் மீனைச் சோதித்த முடிவு வரும்வரை குழம்பு வேண்டாம்.

பென்சில்வேனியாவிலிருந்து: கெட்ட சேற்றை மொத்தமாக அள்ளிவிட்டால் என்ன அக்கா?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒஹாயோவின் பிளாக் ஆற்றைப் பாருங்கள். அங்கே மாசு ரயில்வேயுடையது அல்ல, நிலக்கரியைச் சுட்டுக் கோக் என்ற எரிபொருள் செய்யும் ஆலையுடையது. ஆனால் அதே தார் வகை ரசாயனங்கள். கெளுத்தி மீன்களின் ஈரலில் புற்றுக்கட்டிகள் இருந்தன. 1983ல் ஆலை மூடியதும் அவை குறைந்தன. 1990 வாக்கில் சேற்றை அள்ளியபோது கலங்கிய மாசில் மறுபடி கூடின. அதற்குப்பின் சில ஆண்டுகளில் நன்றாகக் குறைந்தன. அள்ளியது தவறில்லை, ஆனால் இடையில் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

மொன்டானாவின் சோமர்ஸில் நிலைமை வேறு. 1901 முதல் 1986 வரை ஸ்லீப்பர் கட்டைக்கு மருந்தேற்றிய ரயில்வே ஆலையின் கழிவு, பிளாட்ஹெட் ஏரியை ஒட்டிய சதுப்புக் குளம்வரை போயிருந்தது. பக்கத்தில் அவ்வளவு பெரிய ஏரி இருக்கும்போது பொறுத்திருக்க முடியாது. 1985லேயே அவசரமாக மாசு மண்ணை எடுத்தார்கள்.

உங்கள் குளத்தில் கறுப்புப் பட்டை ஆழத்தில் அசையாமல் கிடந்தால், மேலே சுத்தமான மணல் மூடி போதும் என்று நான் எழுதிக் கொடுப்பேன். கரையோரம் தெரிந்தாலோ ஓடைக்குக் கசிந்தாலோ அள்ளச் சொல்வேன், அதுவும் சுற்றித் திரை கட்டி, தண்ணீரைத் தினமும் சோதித்துக்கொண்டு. எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்ற அட்டவணை கையில் இருக்கிறதா? இருந்தால் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.